இலவச வாகனம், மதிய உணவு உண்டு

இந்த சீட்ல யாராவது வர்றாங்களா சார்? நான் உக்காந்துக்கறேன். பின்னாடி வெயில் நேரா மூஞ்சியில அடிக்குது. நீங்க நகர வேணாம், எனக்கு இது போதும். முன் சீட்ல தூங்கறது உங்க வீட்டம்மாவா? தூங்கட்டும், தூங்கட்டும். செங்கல்பட்டுல டீக்கு நிறுத்தறப்ப எழுப்பினா போதும்.

இது சாப்பாடு இல்ல சார். டிபன் பாக்ஸ்தான், ஆனா உள்ள சாப்பாடு இல்ல. மேல வெச்சா குலுங்கி மூடி தொறந்துக்கும், அதான் மடியிலயே வெச்சிருக்கேன். சாப்பாடு எதுக்கு நாம கொண்டு வரணும், அவங்களே போடுவாங்களே. நோட்டீஸ்ல பாத்திருப்பீங்க, இலவச வாகனம், மதிய உணவு உண்டுன்னு. பிரியாணி. சைவம்னா முன்னாடியே சொல்லிடணும், சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கும் தனியா வெச்சிருப்பாங்க. இந்தக் கம்பெனியில பிரியாணி நல்லா இருக்கும். வேற சில எடத்துல அரிசி ஒரு பக்கம், கறி ஒரு பக்கம்னு கோவிச்சுக்கிட்டு நிக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கறீங்களா? போன கோடை லீவு பூரா எங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னா இந்த மாதிரி வேன்தான் சார். மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், திருவள்ளூர், அந்தப் பக்கம் செய்யூர். எங்கெங்க மனை போட்டு கொடி நட்டிருக்காங்களோ அங்கெல்லாம் போயிருக்கோம். நானு, எங்க வீட்டம்மா சுகந்தி, பொண்ணு தர்ஷினி.

எத்தனை மனை வாங்கினேனா? ஒன்னும் வாங்கல சார்.

சிரிங்க, பரவால்ல. கேக்கறவங்க யாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்வாங்க. நான் யாரையும் ஏமாத்தல. அதை மொதல்லயே சொல்லிடறேன். அவங்க வாங்க வாங்கன்னு கூப்பிடறாங்க, நாம போறோம். வாங்கித்தான் ஆகணும்னு எந்த நோட்டீஸ்லயாவது போட்டிருக்கா?

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னா, பொண்ணு ஸ்கூல்ல ஒரு மீட்டிங். அவ அப்ப நாலாவது முடிக்கிறா. கிளாஸ் டீச்சர் தனியா கூப்பிட்டு, "பாப்பா யார்கிட்டயும் பேசறதே இல்ல சார், வீட்ல அவளோட நேரம் செலவழிக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. நான் அம்பத்தூர்ல ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பர். வீடு பம்மல்ல. காலைல அவ எழுந்திருக்கறதுக்குள்ள கெளம்பினா, வர்றப்ப தூங்கியிருப்பா. ஞாயித்துக்கிழமைதான் லீவு. அன்னிக்கு நான் தூங்குவேன். இதை டீச்சர்கிட்ட எப்படிச் சொல்றது? "வெளிய கூட்டிட்டுப் போகணும்னா செலவாகுதுங்க மேடம்"னேன். அந்தம்மா சொன்னாங்க, "காசு வேணாம் சார், நேரம் குடுங்க, போதும்"னு.

நல்லாத்தான் சொன்னாங்க. ஆனா நேரத்தை எங்க வெச்சுக் குடுக்கறது? எங்க வீடு ஒரே ரூம் சார், ஒரு சமையலறை. சுகந்தி வீட்லயே ஜாக்கெட் தைக்கிறா. மிஷினு, துணி, கட்டில், டிவி. மாடியில ஹவுஸ் ஓனர். தண்ணி மோட்டார் அவர் போடறப்பதான் வரும். செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு குடி வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி, அதுவும் எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க அடிச்சது. அந்த ஒரே ஆணியிலதான் காலண்டரு, சாவி, பொண்ணோட ஐடி கார்டு, சுகந்தியோட இஞ்சு டேப் எல்லாம் தொங்கும். பீச்சுக்குப் போனா பஜ்ஜி கேப்பா, ராட்டினம் கேப்பா. பார்க்குல எத்தனை தடவை சுத்தறது? அந்த நேரத்துலதான் பேப்பருக்குள்ள இந்த நோட்டீஸ் வந்து விழுந்துச்சு. குழந்தைகளுக்கு விளையாட்டு உண்டுன்னு வேற போட்டிருந்துச்சு. ஓசியில கெடச்சா எனக்கு ஒன்னு எங்கப்பனுக்கு ஒன்னுன்னு சொல்லுவாங்க இல்ல, அந்த மாதிரிதான்.

மொத தடவை போனப்ப எனக்கே கூச்சமாத்தான் இருந்துச்சு. வேன்ல ஏறினதும் ஆளுக்கொரு கூல்டிரிங்க்ஸ். போற வழியில ஹோட்டல்ல இட்லி வடை. அங்க போனா ஷாமியானா, காத்தடிச்சு நிக்கிற பெரிய பலூன் வீடு, அதுல பொண்ணு குதிக்கிறா குதிக்கிறா, எறங்கவே மாட்டேங்கறா. டீச்சர் இவளைத்தான் பேச மாட்டேங்கறான்னு சொன்னாங்களான்னு எனக்கே சந்தேகமா போச்சு. வர்றப்ப வேன்ல அவ தலை என் மடியில, காலு சுகந்தி மடியில. சுகந்தி ஜன்னல் வழியா பாத்துட்டே வந்தா. காத்து அடிச்சு முடி மூஞ்சியெல்லாம் விழுது, ஒதுக்கிவிடக்கூட இல்ல. நான் நெனச்சேன், லோகநாதா, ஒத்தப் பைசா செலவில்லாம குடும்பத்தைச் சந்தோஷமா வெச்சிட்டியேடான்னு. நெசமாவே பெருமையா இருந்துச்சு சார். இன்னிக்கும் அதை நெனச்சா பெருமையாத்தான் இருக்கு, அதான் கஷ்டம்.

ஒரு தொல்லை என்னன்னா போன் நம்பர். ஏறினதும் பேரு, நம்பர் எழுதச் சொல்லுவாங்க. எழுதிட்டோம்னா மறுநாள் காலைலருந்து போன்தான். "சார், முடிவு பண்ணீங்களா சார்?" அதனால ரெண்டாவது வாரத்துலருந்து பேரை மாத்திட்டேன். ஒரு வாரம் பேங்க் மேனேஜர் சபாபதி. இன்னொரு வாரம் வெளிநாட்டுல இருந்து லீவுக்கு வந்தவன். நம்பர் என் பழைய சிம்மோடது, அது எப்பவோ செத்துப்போச்சு. சுகந்தியை டீச்சர்னு சொல்லிடுவேன். பொண்ணுக்கு இது பெரிய வெளையாட்டு. சனிக்கிழமையே கேக்க ஆரம்பிச்சிடுவா, "அப்பா, நாளைக்கு நாம யாரு?"ன்னு.

சுகந்தி மொதல்ல ஒத்துக்கல. "எதுக்குங்க பொய்ப் பேரு?"ன்னா. நான் சொன்னேன், "வாங்கற வரைக்கும் நம்ம பேரு எதுக்குடி இவங்களுக்கு? போன் பண்ணியே உயிரை எடுத்துடுவானுங்க."

வாங்கற வரைக்கும்னு சொன்னேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது சார். வாங்கப் போறோம்னு நான் சொல்லவே இல்ல. வாங்கப் போறதில்லன்னு சொன்னேனான்னு கேட்டீங்கன்னா, அதுவும் சொல்லல. அதை எதுக்குச் சொல்லணும்? எங்க நெலமை எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா? விரலுக்கேத்த வீக்கம்னு அவளேதான் அடிக்கடி சொல்லுவா.

ஆனா அவ கேப்பா பாருங்க கேள்வி. தண்ணி எத்தனை அடியில வரும், உப்பா நல்லதா, மழைக்கு நிக்குமா, பஸ் எத்தனை மணிக்கு, ஸ்கூல் எங்க இருக்கு. வீட்ல நாலு வார்த்தை பேச மாட்டா. இங்க வந்து அந்த மார்க்கெட்டிங் பசங்களை நிக்கவெச்சுக் கேப்பா. அப்புறம் ஒரு மனையில எறங்கி நடப்பா. செருப்பைக் கழட்டிட்டு நடப்பா சார். இங்க ஹாலு, இங்க சாமி ரூமு, இங்க தர்ஷுவுக்கு ஒரு ரூமுன்னு. பொண்ணும் பின்னாடியே. நான் ஷாமியானாவுல சேர் போட்டு உக்காந்து பாத்துட்டிருப்பேன். என்னமா நடிக்கிறான்னு நெனப்பேன்.

இன்னொன்னு செய்வா. கெளம்பறப்ப ஒரு பிடி மண்ணு எடுத்து டிபன் பாக்ஸ்ல போட்டுக்குவா. இந்த பாக்ஸ்தான். சில பேரு அப்படிச் செய்யறது உண்டு, தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு. வாங்கப் போற எடத்து மண்ண வீட்ல சாமிகிட்ட வெச்சு, மனசுக்கு ஒத்து வருதான்னு பாக்கறது. வீட்டுக்கு வந்து மூணு நாள் வெச்சிருந்துட்டு, "இது சரிவராதுங்க"ன்னு துளசித் தொட்டியில கொட்டிடுவா. ஒரு நாள் நானே பாராட்டினேன். "மண்ணு எடுக்கற பாரு, அதான் டாப்பு. அந்தப் பையன் அப்படியே நம்பிட்டான்"னேன். அவ என்னைப் பாத்தா. ஜாக்கெட்டுக்கு ஹூக் வெச்சுட்டிருந்தா, வெச்சுட்டே இருந்தா.

செவ்வாய்க்கிழமையானா பொண்ணைக் கூட்டிக்கிட்டு கோயிலுக்குப் போக ஆரம்பிச்சா. லீவுதானே, போகட்டும்னு விட்டுட்டேன். எந்தக் கோயில்னு நான் கேக்கல.

டீ நல்லா இருக்கா சார்? இவங்க எப்பவும் இந்தக் கடையிலதான் நிறுத்துவாங்க. வீட்டம்மாவுக்கும் ஒன்னு குடுங்க. நான் குடிச்சிட்டேன். நீங்க ஏறுங்க, நான் இந்தப் பக்கமா ஏறிக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங். இப்ப நாம போறோமே, உத்திரமேரூர் தாண்டி, ஏரிக்கரை மனை, இங்க வந்தது லீவு பாதியில. எறங்கினதுமே சுகந்தி அப்படியே நின்னுட்டா. நீங்களும் பாத்திருப்பீங்க, கெழக்கால ரோடு, ரோட்டுக்கு அந்தாண்ட ஏரி, தண்ணி கெடக்கு, கொக்கு நிக்குது. அப்ப இங்க ரெஜினான்னு ஒரு அம்மா மார்க்கெட்டிங் பாத்தாங்க. நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வெயில்ல குடை பிடிச்சு ஒவ்வொரு குடும்பமா கூட்டிட்டுப் போய் காட்டுவாங்க. மத்தவங்க மாதிரி மேல விழுந்து பேச மாட்டாங்க. மனை வித்தாத்தான் அவங்களுக்குக் கமிஷன், சம்பளம்னு பெருசா ஒன்னும் கெடையாதாம். அது சுகந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் குடைக்குள்ள ரொம்ப நேரம் பேசிட்டே நடந்தாங்க.

அந்த வாரம் மண்ணு துளசித் தொட்டிக்குப் போகல. மஞ்சத் துணியில முடிஞ்சு சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சா. நான் பாத்தேன். பாத்துட்டு, ஏதோ வேண்டுதல்னு விட்டுட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் திருவள்ளூர் போலாம்னேன். அங்க குழந்தைங்களுக்கு வாட்டர் பாட்டில் தர்றாங்கன்னு போட்டிருந்துச்சு. சுகந்தி, "இல்லங்க, ஏரிக்கரைக்கே போலாம்"னா. போன எடத்துக்கே திரும்பப் போற வழக்கம் நமக்குக் கெடையாது, மாட்டிக்குவோம்னேன். "போலாங்க"ன்னா மறுபடியும். கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ எதையும் ரெண்டு தடவை கேட்டதில்ல. சரி, பிரியாணி நல்லா இருந்துச்சே, போலாம்னு வந்தோம். அதுக்கு அடுத்த வாரமும் இங்கயேதான். பொண்ணுக்கும் இங்கதான் புடிச்சிருந்துச்சு, கொக்கு எண்ணுவா.

மூணாவது தடவை வந்தப்பதான் அது நடந்துச்சு.

எல்லாரும் சாப்பிட்டுட்டிருக்கோம். ஷாமியானா நெறைய ஜனம். சுகந்தி பொண்ணு தட்டுல வெங்காயப் பச்சடி போட்டுட்டிருக்கா. ரெஜினா மேடம் வேகமா வந்தாங்க. வந்து, "லோகநாதன் சார்"னாங்க.

எனக்கு வாயில வெச்ச சோறு எறங்கல. ஏன்னா நான் எழுதினது சபாபதி. எம் பேரு இவங்களுக்கு எப்படித் தெரியும்?

"சார், மேடம் கேட்டாங்கன்னு அந்த இருபத்தேழாம் நம்பர் கார்னர் ப்ளாட்டை நான் ரெண்டு வாரமா யாருக்கும் காட்டாம வெச்சிருக்கேன். போன வாரம் ஒரு பார்ட்டி கேட்டாங்க, புக் ஆயிடுச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன். இன்னிக்கு மேனேஜர் வந்து நிக்கறாரு, யாருக்கு வெச்சிருக்கேன்னு கேக்கறாரு. டோக்கன் மட்டும் போட்டுடறீங்களா சார்? மீதியெல்லாம் தவணைதான், மேடத்துக்கு எல்லாம் சொல்லியிருக்கேன்."

நான் சுகந்தியைப் பாத்தேன். அவ என்னைப் பாக்கறா. எப்படிப் பாக்கறான்னா, எப்படிச் சொல்றது, பரீட்சை ரிசல்ட் பாக்கற பொண்ணு மாதிரி. பயமும் இருக்கு, சிரிப்பும் இருக்கு. நீங்க சரின்னு சொல்லப் போறீங்க, எனக்குத் தெரியும்கற மாதிரி ஒரு பார்வை.

அந்த எடத்துல நான் என்ன சொல்லியிருக்கணும்? வீட்ல பேசிட்டுச் சொல்றோம்னு சொல்லியிருக்கலாம். ஒரு வாரம் டைம் குடுங்கன்னு சொல்லியிருக்கலாம். உலகத்துல அத்தனை பேரும் அதைத்தானே சொல்றாங்க? எனக்கு அது வரல சார். எம் பேரு தெரிஞ்சுபோச்சு, மாட்டிக்கிட்டோம், அது ஒன்னுதான் மண்டையில ஓடுது. அப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் சிரிச்சேன்.

"ஐயோ மேடம், நாங்க வாங்கறதுக்கெல்லாம் வரல. புள்ளைக்கு லீவு, சும்மா ஒரு பிக்னிக் மாதிரி வந்தோம். இவ ஏதாவது சொல்லியிருப்பா. அது சும்மா நடிப்புங்க, நாங்க எல்லா எடத்துலயும் அப்படித்தான்"னேன்.

பக்கத்துல சாப்பிட்டவங்க திரும்பிப் பாத்தாங்க. ஒரு ஆளு சிரிச்சாரு. ரெஜினா மேடம் என்னைத் திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். குடையை மடக்கிக்கிட்டே, "பரவால்ல சார், சாப்பிடுங்க"ன்னாங்க. போறப்ப சுகந்தி தோள்ல ஒரு தடவை கை வெச்சுட்டுப் போனாங்க.

சுகந்தி பச்சடிக் கரண்டியைக் கிண்ணத்துல வெச்சா. தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போய்க் கை கழுவினா. பாதி சோறு அப்படியே இருந்துச்சு. சோத்தை வீணாக்கற ஆளு இல்ல சார் அவ. பொண்ணு என்னைக் கேட்டா, "அப்பா, அப்ப நம்ம வீடு?"

நான் அவகிட்ட, "சாப்பிடு"ன்னேன். நான் என் தட்டை முடிச்சேன். பிரியாணி எறங்குச்சு சார், பொய் சொல்ல மாட்டேன். எறங்கத்தான் செஞ்சுச்சு.

வீட்டுக்கு வந்து, தோசைக்கு மாவு கரைச்சுட்டே, சுகந்தி என்னைப் பாக்காமக் கேட்டா. "ஒரு நாள்கூட வாங்கணும்னு நெனைக்கலையாங்க?"

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன் சுகந்தி"ன்னேன்.

"எனக்குத் தெரியாதுங்க"ன்னா. அவ்வளவுதான். சண்டை இல்ல, அழுகை இல்ல. தோசை ஊத்திப் போட்டா, நான் சாப்பிட்டேன்.

அப்புறம் பொண்ணுதான் கொஞ்சம் கொஞ்சமா சொன்னா. செவ்வாய்க்கிழமை போனது சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு. சொந்த வீடு வேணும்னு வேண்டிக்கறவங்க அங்க கல்லு அடுக்குவாங்க, பாத்திருப்பீங்க. பம்மல்லருந்து அது எந்த மூலையில இருக்கு. பஸ் மாறி மாறி, அந்த வெயில்ல. "அம்மா கீழ வெச்சாங்கப்பா, நான் மாடி வெச்சேன்"னா. ஜாக்கெட் தைச்ச காசுல சுகந்தி சீட்டு வேற கட்டிட்டிருந்திருக்கா, எனக்குத் தெரியாது. தவணைன்னு கணக்குப் போட்டுப் பாத்தா முடியாத காரியமும் இல்ல சார் அது. இழுத்துப் புடிச்சா முடிஞ்சிருக்கும். நான் போட்டே பாக்கல. கூட்டிட்டு வந்து காட்டினேன், நடக்கவிட்டேன், சேர் போட்டு உக்காந்து பாத்தேன். ஆசை காட்டி மோசம் பண்றதுன்னு சொல்லுவாங்க, அது வெளியாளுங்க பண்றதுன்னு நெனச்சிட்டிருந்தேன்.

எனக்கு அந்த ரெஜினா மேடத்தை நெனச்சாத்தான் சார் ரொம்ப கஷ்டமா இருக்கு. பாவம், எங்களால ஒரு பார்ட்டியை விட்டுட்டாங்க. இன்னிக்குக் காலைல தாம்பரத்துல வேன் ஏறறப்ப முன்னாடி இருக்கற பையனைக் கேட்டேன். அவங்க இப்ப இங்க இல்லையாம். வேற கம்பெனிக்குப் போயிருப்பாங்க. நல்ல எடமாத்தான் போயிருப்பாங்க. அப்படித்தான் நெனச்சுக்கறேன்.

சுகந்திக்கு ஒன்னும் இல்ல. நல்லாத்தான் இருக்கா. சமைக்கிறா, தைக்கிறா, பேசுனா பேசறா. ஞாயித்துக்கிழமை மட்டும் வெளிய வர்றதில்ல. பீச்சுக்குப் போலாம், பஜ்ஜி வாங்கித் தரேன், ராட்டினம் ஏறலாம், செலவானா ஆகட்டும்னு கூப்பிட்டேன். "நீங்களும் பொண்ணும் போய்ட்டு வாங்க"ன்னா. போனோம். பஜ்ஜி ஆறிப்போயிருந்துச்சு.

ஸ்கூல் தொறந்தப்புறம் அந்த டீச்சர் மறுபடியும் கூப்பிட்டாங்க. மறுபடியும் புகார்தான்னு நெனச்சேன். போனா, ஒரே பாராட்டு. "பாப்பா இப்ப நல்லா பேசறா சார். லீவுல நிறைய நேரம் குடுத்திருக்கீங்க, தெரியுது"ன்னாங்க. அவ வரைஞ்ச படத்தைக் காட்டினாங்க. ஒரு வீடு, மாடியோட. முன்னாடி ஏரி, கொக்கு. வாசல்ல மூணு பேரு. "புது வீடு கட்டறீங்களா சார்?"ன்னாங்க. நான் ஆமான்னுட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு சார், பழக்கம். பொண்ணு பக்கத்துலயே நிக்கறா. நிமிந்து டீச்சரைப் பாத்து, "எங்க சமையல் ரூம்லருந்து பாத்தா ஏரி தெரியும் மிஸ்"னா. முகத்துல ஒரு சிரிப்பு இல்ல. அவ நடிச்சாளா, நெசமாவே அப்படி நெனச்சுட்டிருக்காளா, எனக்குத் தெரியல. அவங்க அம்மா விஷயத்துலயும் எனக்கு அதானே தெரியாமப் போச்சு.

இந்த பாக்ஸ்ல என்ன இருக்குன்னு இந்நேரம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஆமா, அந்த மண்ணுதான். மஞ்சத் துணியோட இருக்கு. நேத்து காலைல சுகந்தியே எடுத்துக் குடுத்தா. "எடுத்த எடத்துலயே போட்டுட்டு வந்துருங்க. வாங்காத மண்ண வீட்ல வெச்சிருக்கக் கூடாது"ன்னா. நான் சொன்னேன், "துளசித் தொட்டியில போட்டுடேன், எப்பவும் போடறதுதானே?"ன்னு. "அதுல போட்டதெல்லாம் வேணாம்னு போட்டதுங்க"ன்னா.

பாக்ஸை வாங்கிக்கிட்டேன். வேனுக்குப் போன் பண்ணி சீட்டு சொன்னேன். என் சொந்தப் பேரைத்தான் சொன்னேன், நிஜ நம்பரு. மொத தடவையா.

சார், அந்த வளைவு திரும்பினா ஏரி தெரிஞ்சிடும். அதுக்குள்ள ஒன்னு சொல்லிடறேன். வெயில் அடிக்குதுன்னு சொன்னேன் பாருங்க, அது பொய். பின் சீட்டுதான் நெழல். தாம்பரத்துல நீங்க போன்ல யார்கிட்டயோ சொல்லிட்டிருந்தீங்க, இருபத்தேழு, கார்னரு, இன்னிக்கு மீதியைக் கட்டி முடிச்சிடறோம்னு. அது என் காதுல விழுந்துச்சு. அதான் எழுந்து வந்து உங்க பக்கத்துல உக்காந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க.

அது நல்ல மனை சார். தாராளமா வாங்குங்க. அதுக்கு மேல ஒன்னு கெடைக்காது. எனக்கு அதுல ஒவ்வொரு அடியும் தெரியும். வீடு கட்டறப்ப அடுப்படியைத் தென்கிழக்கு மூலையில வெச்சு, ஜன்னலைக் கெழக்க வெச்சுக்குங்க. காலைல அடுப்பு பத்தவெக்கறப்ப வெயில் ஏரி மேல விழும், அது சமைக்கறவங்க மூஞ்சிக்கு வரும். வாசல் படிக்குப் பக்கத்துல முருங்கை வைக்காதீங்க, பூச்சி வரும், கொல்லையில வெச்சுக்குங்க. ஹால்ல வடக்குச் செவுரு ஓரமா ஒரு தையல் மிஷின் போடற அளவுக்கு எடம் விடுங்க, வெளிச்சம் அங்கதான் நல்லா விழும். உங்க வீட்டம்மா தைக்க மாட்டாங்களா? பரவால்ல, ஒரு நாற்காலி போட்டுக்கட்டும். மேல பாப்பா ரூமு. ஜன்னல் கொஞ்சம் தாழ்வா இருக்கணும், கொக்கு எண்ணறதுக்கு. நான் ஒன்னும் கவனிக்கலன்னு சுகந்தி நெனச்சிட்டிருக்கா. நான் எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தேன் சார். சேர்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டேன்.

இந்த மண்ண உங்க மனையில போட்டுக்கலாமா? அங்க எடுத்ததுதான், வேற எதுவும் கலக்கல. சாமிகிட்ட இருந்தது. நீங்க வேணாம்னா ரோட்டோரமா எங்கயாவது போட்டுடறேன். இல்ல, வேணாம், ரோட்டுல போட மாட்டேன். நீங்க சரின்னு சொல்லுங்க சார், ஒரு பிடிதான்.

ஏரி வந்துடுச்சு பாருங்க. வீட்டம்மா மறுபடியும் தூங்கிட்டாங்க, எழுப்புங்க, பாக்கட்டும்.

வீடு முடிஞ்சு செவுரு காஞ்சதும் ஆணி அடிச்சுக்குங்க சார். ஹால்ல, அடுப்படியில, பாப்பா ரூம்ல, எங்க தோணுதோ அங்கெல்லாம். சுகந்தி அந்த வெறும் மனையில, இங்க ஒரு ஆணி அடிச்சுக் காலண்டர் மாட்டணும்னு நின்னுட்டு, சும்மா காத்துல கையைத் தூக்கித் தூக்கி அளந்து பாத்துட்டிருந்தா.